எந்தத் தகடு அசல்?

ரப்பர் மேட்டைத் தூக்கியதும் பட்டறையின் சிமென்ட் தரை தெரிந்தது. காரின் தரைத்தகடு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கை அகலத்துக்கு ஓட்டை. அதன் ஓரத்தில் விரல் வைத்தேன். பொரித்த அப்பளம் மாதிரி அடுக்கடுக்காக உடைந்து உதிர்ந்தது. டிங்கர் அண்ணன் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தகட்டைத் தட்டிக்கொண்டே போனார். 'டங்' என்று கேட்ட இடத்தை விட்டுவிட்டார். 'தொப்' என்று கேட்ட இடத்திலெல்லாம் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டார். முடித்துவிட்டு நிமிர்ந்து, "மொத்தமா அறுத்துட்டுப் புதுத் தகடு அடிச்சிடலாம் சார். ஒட்டுப் போட்டா என்னைக்கும் ஒட்டுதான்" என்றார்.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், வேலூர் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் தகரக் கொட்டகை அது. பின்பக்கம் போய் நின்றால் அண்ணாமலை தெரியும். வண்டி 1966ஆம் வருடத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு. அன்று அந்த அண்ணன் கேட்டதற்கு உடனே பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எதை அறுக்கலாம், எதை அறுக்கக் கூடாது என்று முடிவு செய்ய முதலில் இரும்பு எப்படிச் சாகிறது, பெயிண்ட் எப்படி மூப்படைகிறது, பெட்ரோல் என்ன செய்கிறது என்றெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இந்த அத்தியாயம் அந்தத் தேடலின் கதை.

ஹெரால்டை நம் ஊர்க் கார் என்றே சொல்வேன். அம்பாசிடர் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவிலும் ஃபியட் பம்பாயிலும் தயாரான காலத்தில், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம் இதைச் செய்தது. பிரிட்டனில் 1959இல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த கார்தான் இது; இங்கே 1961 முதல். வடிவம் கொடுத்தவர் இத்தாலியைச் சேர்ந்த ஜியோவானி மிக்கெலோட்டி. 948 சிசி இன்ஜின். முன்சக்கரங்கள் ஏறக்குறைய குறுக்கே திரும்பி நிற்கும் அளவுக்கு ஒடியும், 25 அடி விட்டத்துக்குள் வண்டி ஒரு முழு வட்டம் அடித்துவிடும். மாட வீதிச் சந்துகளில் ஓட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும். பிற்பாடு இங்கே நான்கு கதவு வைத்தும் ஹெரால்டு செய்தார்கள். அது பிரிட்டனே கண்டிராத வண்டி.

இதன் உடல் கட்டப்பட்ட விதம் எங்கள் கதைக்கு முக்கியம். 1950களில் கார் கம்பெனிகள் சேஸிஸையும் பாடியையும் ஒரே கூடாகச் சேர்த்து அடிக்கத் தொடங்கிவிட்டன. பிரிட்டனின் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு அது முடியாமல் போனது. அதற்குப் பாடி அடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் கீழே தனி சேஸிஸ், மேலே போல்ட் போட்டு முடுக்கிய பாகங்கள் என்று பழைய முறைக்குப் போனார்கள். தேர் மாதிரி. அடிப்பாகம் ஒன்று, மேலே கட்டுவது வேறு. பெட்டி பெட்டியாகக் கப்பலேற்றி, போய்ச் சேரும் ஊரில் பூட்டிக்கொள்ளத் தோதான அமைப்பு அது. அறுபது வருடம் கழித்து அவிழ்த்துப் பார்க்கவும் அதே அளவு தோதாக இருக்கிறது.

இனி ஓட்டைக்கு வருவோம். மழை விழுவது கூரையில். வெயில் அடிப்பதும் கூரையில். ஆனால் கூரைத் தகடு திடமாக இருக்கிறது; மேட்டுக்கு அடியில் பத்திரமாக மூடிக் கிடந்த தரை கரைந்துபோயிருக்கிறது. ஏன்?

கேம்பிரிட்ஜில் யூலிக் எவன்ஸ் என்ற விஞ்ஞானி 1920களில் செய்த ஒரு சோதனையில் இதற்குப் பதில் இருக்கிறது. பளபளப்பாகத் தேய்த்த இரும்புத் தகட்டின் மேல் ஒரே ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் விட்டார். இரும்பு கரையும் இடத்தில் நீலமாகவும், காரத்தன்மை உண்டாகும் இடத்தில் இளஞ்சிவப்பாகவும் நிறம் மாறும் இரண்டு வேதிப்பொருட்களை அந்தத் தண்ணீரில் கலந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் சொட்டின் நடுப்பகுதி நீலமானது, விளிம்பு இளஞ்சிவப்பானது. இரண்டுக்கும் நடுவே துரு ஒரு வளையமாகப் படிந்தது.

நடந்தது இதுதான். சொட்டின் விளிம்பில் தண்ணீர் மெல்லியதாக இருக்கிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் சுலபமாக உள்ளே இறங்கிவிடும். நடுவில் தண்ணீர் ஆழம். ஆக்சிஜன் அங்கே போய்ச் சேர்வது கஷ்டம். ஆக்சிஜன் நிறைய உள்ள விளிம்பு எலெக்ட்ரான்களைக் கேட்கிறது. ஆக்சிஜன் இல்லாத நடுப்பகுதி இரும்பு, தன் எலெக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டுத் தான் கரைகிறது. ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் ஒரு குட்டி பேட்டரி ஓடுகிறது. காற்று படாத பக்கம்தான் அதில் அழிகிற பக்கம்.

இப்போது அந்தச் சொட்டைக் காரின் தரை அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். கதவு ரப்பர் வழியாகக் கசிந்த மழைத்தண்ணீர் மேட்டுக்கு அடியில் தேங்குகிறது. மேல்பக்கம் காயவே காயாது. இந்த வண்டி முப்பது வருடத்துக்கு மேல் சென்னையில் கடற்கரைக்குக் கிட்டத்தில் நின்றது. உப்புக்காற்று அந்த ஈரத்தை நல்ல மின்கடத்தியாக்கிவிட்டது. கூரை நனைந்தால் அரைமணி நேரத்தில் உலர்ந்துவிடும், அங்கே பேட்டரி ஓட நேரமில்லை. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் மேட்டைத் தூக்கிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

துரு இன்னொரு வேலையும் செய்கிறது. இரும்பு துருவாகும்போது கன அளவில் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை உப்பும். இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெல்டு அடித்த இணைப்புக்குள் துரு புகுந்தால், உள்ளிருந்து ஆப்பு வைத்துப் பிளப்பது போல இணைப்பையே பிரித்துவிடும். அடுக்கடுக்காக உடைந்த அந்த அப்பளம் அப்படி உண்டானதுதான்.

துரு ஓட்டையாகாத இடங்களைக் காப்பாற்றலாம். கடையில் துருமாற்றி என்று ஒரு திரவம் விற்கிறார்கள். செம்பழுப்புத் துருவின் மேல் தடவினால் சில நிமிடங்களில் கருநீலமாக மாறி இறுகிவிடும். முதன்முறை தடவியபோது எனக்குக் கலம்காரித் துணிதான் நினைவுக்கு வந்தது. துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த தண்ணீரில் நனைத்துக் காயவைப்பார்கள். இரும்புத்துண்டுகளை வெல்லத்தோடு ஊறப்போட்டுப் புளிக்கவைத்த நீரைத் தொட்டு அதன்மேல் வரைந்தால், தொட்ட இடம் கறுக்கும். கடுக்காயில் இருப்பது டானின். டானினும் இரும்பும் சேர்ந்தால் கரையாத கறுப்பு. பல துருமாற்றிகளில் இருப்பதும் அதே டானிக் அமிலம்தான். நம் சாயக்காரர்கள் பல நூற்றாண்டாகச் செய்துவந்ததை இன்று டப்பாவில் அடைத்துக் கார் பட்டறையில் விற்கிறார்கள்.

தகட்டைப் பொறுத்தவரை முடிவு அவ்வளவு கஷ்டமில்லை. இல்லாத தகட்டைக் காப்பாற்ற முடியாது. கஷ்டம் பெயிண்டில் வந்தது.

வண்டி வெளியே வெள்ளை, அதுவும் சுண்ணாம்பு அடித்தது போன்ற வெள்ளை. கை வைத்தால் மாவு ஒட்டும். வெள்ளைப் பெயிண்டுக்கு நிறம் கொடுப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. வெயிலின் புறஊதாக் கதிரை அது உள்வாங்கி, தன்னைச் சுற்றிப் பிடித்திருக்கும் பிசினையே கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். பிடிமானம் போனதும் நிறமித்தூள் மேலே உதிர்ந்து நிற்கும். கையில் ஒட்டுவது அதுதான்.

டிங்கர் அண்ணன் ஒரு காந்தத்தைப் பழைய பனியன் துணியில் சுற்றிப் பின்பக்க ஃபெண்டர் மேல் மெதுவாக இழுத்தார். நல்ல தகட்டில் காந்தம் இழுத்துப் பிடித்தது. டெயில் லைட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் பிடி விட்டுக் கையோடு வழுக்கியது. அங்கே பட்டி. காந்த இழுப்பு தூரத்தோடு மளமளவென்று குறைந்துவிடும்; பெயிண்ட் வெறும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனம் என்பதால் அது தடை ஆவதில்லை, மூன்று நான்கு மில்லிமீட்டர் பட்டி இருந்தால் காந்தம் காட்டிக்கொடுத்துவிடும். எப்போதோ ஒருநாள் அந்த மூலை எதிலோ இடித்திருக்கிறது.

டிக்கி மூடியின் உட்புறத்தில், ஒரு ரூபாய் நாணய அளவுக்கு, வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து வட்டமாகத் தேய்த்தோம். மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்கள் போல ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வெள்ளை, அதற்குள் கிரீம், அதற்குள் சாம்பல் பிரைமர், அதற்குள் வெளிர் பச்சை, கடைசியில் செங்காவி நிற அடிப்பூச்சு, பிறகு தகடு. வெள்ளை தின்னருக்கு அசையவில்லை. பச்சையைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்ததும் நிறம் துணிக்கு வந்துவிட்டது. இதிலும் ஒரு தகவல் இருக்கிறது. 1920களில் டுபான்ட் கம்பெனி கொண்டுவந்த டூக்கோ, நைட்ரோசெல்லுலோஸ் வகை. கரைப்பான் ஆவியாகிப் போவதால் மட்டுமே அது காயும், அதனால் எத்தனை வருடம் கழித்துத் தின்னர் பட்டாலும் மறுபடி கரையும். கார் பெயிண்ட் என்றாலே டூக்கோ என்று நம் பெயிண்டர்கள் சொல்வது அந்தப் பெயரின் மிச்சம். இன்றைய இரண்டு டப்பா பெயிண்ட், ஹார்டனரோடு வினைபுரிந்து வலையாகப் பின்னிக்கொள்கிறது. அதற்குப் பிறகு அது கரையாது. ஆகவே பச்சை பழையது, பெரும்பாலும் தொழிற்சாலையில் அடித்தது, வெள்ளை பிற்காலத்தது.

டேஷ்போர்டில் ஒரு பிள்ளையார் ஸ்டிக்கர் இருந்தது. ஓரம் சுருண்டு எழும்பியிருந்ததால் ஹேர் டிரையரில் சூடு காட்டி எடுத்தேன். கீழே அதே பச்சை, நேற்று அடித்தது போல. அறுபது வருட வெயிலிலிருந்து பிள்ளையார் அந்த ஒரு சதுர அங்குலத்தைக் காப்பாற்றி வைத்திருந்தார். வண்டியின் உண்மையான நிறம் என்னவென்று இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

பானட்டில் எனக்கு இப்படி ஒரு சாட்சியும் மிஞ்சவில்லை. இங்கே வருவதற்கு முன் வேறொரு பட்டறையில், வேலை சீக்கிரம் நடக்கட்டும் என்று, பானட்டை மணல்வீச்சுக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு மத்தியானத்தில் வெறும் இரும்பாகத் திரும்பி வந்தது. பெயிண்ட் அடுக்குகள் ஒன்றும் இல்லை, போட்டோகூட எடுத்திருக்கவில்லை. மணல் அடித்த வேகத்தில் தகடும் அங்கங்கே அலை அலையாக நெளிந்திருந்தது. இன்றும் அந்தப் பானட்டைத் தூக்கும்போது மனசு கனக்கிறது. தமிழ்நாட்டுக் கோயில்களில் கற்சுவரைச் சுத்தம் செய்ய இதே மணல்வீச்சைப் பயன்படுத்தினார்கள். கல்வெட்டு எழுத்துகளும் சிற்பங்களின் நுணுக்கமும் சேர்ந்து தேய்ந்துபோவதைக் கண்டு அதற்குத் தடை விதித்தார்கள். கல்வெட்டு நிறைந்த கோயில் உள்ள ஊரில் இருந்துகொண்டு நான் அதை யோசித்திருக்க வேண்டும்.

இந்த ஊர் அசல் பற்றி ஏற்கெனவே ஒரு பெரிய விவாதம் செய்திருக்கிறது. 2002இல் இந்தியத் தொல்லியல் துறை அருணாசலேசுவரர் கோயிலைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச்சின்னமாக அறிவித்தது. ஊரே எதிர்த்தது, வழக்கு நடந்தது, கடைசியில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். தீபத்துக்கும் பூசைக்கும் கூட்டத்துக்கும் இடமான கோயிலை, உள்ளது உள்ளபடி காக்க வேண்டிய பழம்பொருளாக நடத்த முடியுமா என்பதுதான் அன்றைய கேள்வி. இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஓடாத கார் கோவை அவிநாசி சாலையில் இருக்கும் ஜீடீ கார் அருங்காட்சியகம் போன்ற ஓரிடத்தில் நின்றால் அதற்கு ஒரு நியாயம். போளூர் தாண்டி ஜவ்வாது மலை ஏறப்போகிற காருக்கு வேறு நியாயம்.

சட்டமும் இதில் தலையிடுகிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, அசல் வடிவிலேயே பராமரிக்கப்பட்டு, சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். பதிவெண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே எண் உள்ள வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். என் வண்டியின் எண் மதராஸ் மாநிலக் காலத்தது, 1969இல் பெயர் மாறுவதற்கு முந்தையது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. டீசல் இன்ஜினைத் தூக்கி வைத்த ஹெரால்டுக்கு இந்த விதியில் இடமிருக்காது.

ஆனால் உயிரோடு விளையாடும் பாகங்களில் எனக்கு அசல் மோகம் கிடையாது. பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 800 கிலோ வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் உள்ள இயக்க ஆற்றல், இரண்டு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அவ்வளவு வெப்பமும் பெரும்பாலும் நான்கு டிரம்களுக்குள் இறங்குகிறது. மலையிறக்கத்தில் டிரம் சூடேறி விரிந்து ஷூவை விட்டு விலகும். பெடல் ஆழமாகப் போகும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை இறங்கும். ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டானால் கால் வெறும் காற்றைத்தான் மிதிக்கும். இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய் வரிசை, ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போச்சு. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் வேறு. அந்தத் தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதக் கூடாது, ஈரத்துணியால் துடைத்து மூட்டை கட்ட வேண்டும். அதன் நார் நுரையீரலுக்குள் போனால் பல பத்தாண்டு கழித்துப் புற்றுநோயாக வரலாம்.

டிரம்களை வைத்துக்கொண்டேன். லைனிங் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது. மாஸ்டர் சிலிண்டரை, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனி வழியுள்ளதாக மாற்றினேன். புது ஓட்டை எதுவும் போடாமல் பழைய போல்டிலேயே உட்கார ஒரு பிராக்கெட் செய்து கொடுத்தது லேத்துக்காரரின் கைவண்ணம். பழைய சிலிண்டர் கிரீஸ் தடவித் துணியில் சுற்றி டிக்கியில் இருக்கிறது. யாராவது ஒருநாள் திரும்பப் பூட்ட நினைத்தால் பூட்டலாம். திருவாரூர் ஆழித்தேர் சுமார் 300 டன். அதற்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அதனால் அது ஆழித்தேர் இல்லை என்று எந்தப் பக்தரும் சொன்னதில்லை.

பெட்ரோல் கதை வேறு. 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். குழந்தைகளின் மூளைக்கு அது பெரிய நன்மை. ஆனால் 1966இல் செய்த இன்ஜின் ஈயத்தை நம்பிச் செய்யப்பட்டது. எரிந்த ஈயத்தின் மெல்லிய படிவு வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே மெத்தை போல நின்றது. அது இல்லாதபோது சூட்டில் இரண்டு உலோகமும் கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒட்டி ஒட்டிப் பிய்ந்து, வால்வு ஹெட்டுக்குள் புதையத் தொடங்கும். ஹெட்டை லேத்தில் கொடுத்துக் கடினமான எஃகு வளையம் வைத்தோம். வெளியே யாருக்கும் தெரியாது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது பழைய ரப்பர் குழாய்களை உப்பவைத்து விரிசலாக்கும், தண்ணீரையும் இழுத்து வைத்துக்கொள்ளும். குழாய்களை முழுக்க மாற்றிவிட்டேன். ஒரு கிழட்டு ரப்பர் குழாய்க்காக இன்ஜின் தீப்பிடிக்க விடுவதில் எந்தப் பாரம்பரியமும் இல்லை. டைனமோவை மட்டும் மாற்றவில்லை. ஐடிலில் சார்ஜ் ஏறாது, பௌர்ணமி நெரிசலில் ஹெட்லைட் மங்கும், பொறுத்துக்கொள்ளலாம்.

பெயிண்டுக்கு வருகிறேன். பச்சைக்கே திரும்பினோம். பானட்டுக்குள்ளே, ஸ்டியரிங் தண்டுக்குப் பக்கத்துத் தகட்டில், வரிசையாகச் சந்தனப் பொட்டுகள், நடுவே குங்குமம், எத்தனையோ ஆயுத பூசைகளின் மிச்சம். குங்குமத்தில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து சிவக்கிறது; காரம் பட்டு மஞ்சளின் நிறப்பொருள் மாறுவதால் வரும் சிவப்பு அது. வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுத்துவிடும். பானட் இருட்டுக்குள் பழுப்புச் சிவப்பாக இத்தனை நாள் நின்றிருக்கிறது. தொழிற்சாலை வைத்த பொட்டு இல்லைதான். பெயிண்டர் உப்புத்தாளோடு வந்தபோது அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொன்னேன். டிக்கி மூடிக்குள் நாங்கள் தேய்த்த வட்டத்தையும் அப்படியே விட்டோம். அதன்மேல் கிளியர் கோட்கூட வேண்டாம் என்றேன். அடுத்துத் திறப்பவர் அதைத் தொட்டு, தின்னர் வைத்துச் சோதித்துப் பார்க்கட்டும்.

2024இல் அமெரிக்காவின் பெபிள் பீச் போட்டியில் முதல் பரிசு ஒரு 1934ஆம் வருட புகாட்டிக்குப் போனது. தேய்ந்த பெயிண்டோடு, புதுப்பிக்காமல் காத்துவைத்த கார். பளபளப்பாக மறுபிறவி எடுத்த கார்களே ஜெயித்துவந்த அந்த மைதானத்தில் அப்படி ஒன்று முதல் பரிசு வாங்கியது அதுவே முதல்முறை. அதைப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் என் தரைத்தகட்டு ஓட்டையை அதைக் காட்டி நியாயப்படுத்த முடியாது.

கடைசியில் தரையை மொத்தமாக அறுக்கவில்லை. பெருக்கல் குறி போட்ட இடங்களை மட்டும், நல்ல இரும்பு வரும்வரை வெட்டினோம். சென்னையில் ரெடிமேட் தரை கிடைக்குமா என்று அலையாமல், அதே கனத் தகட்டில் அண்ணன் கையாலேயே வரி அடித்தார். பழைய தகட்டின் வரிகளைக் காகிதத்தில் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்து, மரக்கட்டையில் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி, நான்கு நாள் வேலை. வெல்டு வரிசையை மேல்பக்கம் கிரைண்டரில் தேய்த்தார். கீழ்ப்பக்கம் தேய்க்க வேண்டாம் என்றேன். 1964இல் வெனிசில் எழுதிய நினைவுச்சின்னப் பாதுகாப்புச் சாசனம், புதிதாகச் சேர்க்கும் பகுதி முழுமையோடு இசைந்திருக்க வேண்டும், ஆனால் பழையதிலிருந்து பிரித்தறியும்படியும் இருக்க வேண்டும் என்கிறது. அதை அண்ணனுக்கு விளக்கினேன். "அதுக்கென்ன சார், பஞ்ச் அடிச்சிடலாம்" என்று நம்பர் பஞ்ச் பெட்டியை எடுத்துவந்தார்.

டிரைவர் சீட்டுக்கு அடியில், புதுத் தகட்டின் மூலையில், ஒவ்வொரு எண்ணாக வைத்து அடித்தார். 2, 0, 2, 5. பிறகு பெட்டியைத் துழாவி எழுத்துப் பஞ்சுகளைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "என் எழுத்து ஒண்ணு போட்டுக்கட்டுமா?" என்று கேட்டார். போடுங்கண்ணே என்றேன். முதலெழுத்தை வைத்து ஒரே அடி. அதன்மேல் பிரைமர் தடவி, காய்ந்ததும் மேட்டை விரித்தோம்.